கூடக் கேட்ட ஒரு பாடம்

“மிஸ், எங்க அப்பா அந்த எலும்புப் பேரெல்லாம் மறந்துடணுமா?”

கேட்டவளுக்கு அப்போது ஏழு வயது. பெயர் மரிசேலா. ஒடெல்லா கிரேயரின் அலுவலகத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா எஃப்ரைன் லுஹான், பீரங்கிப் படையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவன், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு தலைகுனிந்திருந்தான். எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்காக அவன் படித்துக்கொண்டிருந்த கல்லூரி அந்த வாரம் திடீரென்று மூடிவிட்டது. காலையில் வகுப்புக்குப் போனவன் கதவில் சங்கிலி தொங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

“யாரு கண்ணு மறக்கச் சொன்னது?” என்றாள் ஒடெல்லா.

“அங்க படிச்சது எதுவும் இனிமே செல்லாதுன்னு அப்பா அம்மாகிட்ட சொன்னாங்க. செல்லாதுன்னா மறந்துடணும்தானே? எனக்குத் தலை பின்னும்போது அப்பா ஒவ்வொரு எலும்பா தொட்டுத் தொட்டுப் பேரு சொல்லுவாங்க. எனக்கே பாதி தெரியும். நானும் மறந்துடணுமா?”

எஃப்ரைன் தொப்பியை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். முன்மேசையில் இருந்த லெமுவேல் ஸ்ட்ரவுட், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற சார்ஜன்ட், அன்று ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“ஒண்ணைக்கூட மறக்க வேண்டாம்” என்றாள் ஒடெல்லா. “உங்க அப்பா படிச்சது செல்லும். நான் செல்ல வைக்கிறேன்.”

குழந்தைக்குக் கொடுக்கும் வாக்கு மற்ற எந்த வாக்கையும்விடக் கனமானது என்று அவள் நம்பினாள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவள் தன் காலடியைப் பார்க்கவில்லை.

லாட்டன் என்ற அந்த ஊரில் பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாட்களில் அலமாரியில் கோப்பைகள் கிடுகிடுக்கும். படைமுகாம் வாசலிலிருந்து ஊருக்குள் வரும் சாலையின் இரண்டு பக்கமும் அடகுக் கடைகள், சம்பளம் வருமுன்பே அதன்மேல் கடன் கொடுக்கும் கடைகள், பழைய கார் விற்பவர்கள். அந்த வரிசையிலேயே ஓர் அடகுக் கடைக்கு அடுத்த கதவில் ஒடெல்லா தன் அலுவலகத்தை வைத்திருந்தாள். “கடன் வாங்க வர்றவன் கதவு மாறியாவது என்கிட்ட வந்து சேரட்டும்” என்பாள்.

அவள் கணவன் ஆமோஸ் படையோடு குவைத் பாலைவனத்தில் போரில் இருந்தபோது, அவன் எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்த ஒரு சின்னக் கடனுக்காக வீட்டு வாசலில் நின்ற காரை இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஒடெல்லா சின்ன எழுத்தில் அச்சிட்டதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினாள். ஆமோஸ் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகும் நிறுத்தவில்லை. படையிலிருந்து வருகிறவர்களுக்கு அரசு கொடுக்கும் படிப்பு உதவியைக் கணக்காக வாங்கிக் கொடுப்பதும், அதைப் பறிக்க நிற்கிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதும் அவள் வாழ்நாள் வேலையாகிவிட்டது. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த அதிகாரியிடம் போனாலும், அவர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒன்று கூடக் கேட்பாள். “வெக்கப்படாதீங்க. நமக்கா கேக்கறோம்?” என்று லெமுவேலுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

எஃப்ரைனுக்காகவும் அப்படித்தான் போனாள். அரசுக் கல்லூரியின் டீன் டாக்டர் பெட்டிக்ரூ நிதானமான மனிதர். மூடிப்போன கல்லூரியில் எஃப்ரைன் படித்தவற்றைப் புரட்டிப் பார்த்து, “இதுல மூணு பாடத்தை ஏத்துக்கலாம். மத்ததெல்லாம் காத்து” என்றார். ஒடெல்லா எழுந்திருக்கவில்லை. எலும்புப் பாடத்தையும் சேர்க்கச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். அவள் சிறுமியின் கேள்வியைச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாவதும் கிடைத்தது.

அன்று அவள் கல்லூரியின் கார் நிறுத்துமிடத்திலேயே வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடித் தேவனுக்கு நன்றி சொன்னாள்.

பிறகு அந்தக் கதை அவளோடு ஊர் ஊராகப் போனது. ஆலயத்தில் பெண்கள் கூட்டத்தில் சொன்னாள். மாநிலத் தலைநகரில் சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னால் சொன்னாள். சிறுமி கேட்ட கேள்வியில் எல்லோரும் கண்ணைத் துடைப்பார்கள். “மூணு குடுத்தார், நான் எழுந்திருக்கல, கூட ஒண்ணு கேட்டேன்” என்ற இடத்தில் எல்லோரும் சிரித்துக் கைதட்டுவார்கள்.

இரண்டு வருடம் போனது. எஃப்ரைன் நன்றாகவே படித்தான். எக்ஸ்ரே படிப்பில் இடம் கிடைத்து, கடைசி வருடத்துக்கு வந்துவிட்டான். ஆனால் அரசு ஒரு படைவீரனுக்குக் கொடுக்கும் படிப்பு முப்பத்தாறு மாதத்துக்குத்தான். அந்த மாதங்களில் கல்லூரிச் சம்பளமும் உண்டு, வீட்டு வாடகையும் உண்டு. தீர்ந்துவிட்டால் இரண்டும் இல்லை. அவனுடைய மாதங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மூடிப்போன கல்லூரி தின்றுவிட்டது. மிச்சம் கிறிஸ்துமஸோடு முடிகிறது. அதற்குப் பிறகு இன்னும் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் பகல் முழுக்கப் பயிற்சி. அதை விட்டுவிட்டு வேலைக்குப் போனால் படிப்பு போகும். விடாமல் போனால் வாடகைக்கு வழியில்லை.

கல்லூரி பாதியில் மூடினால் அங்கே கரைந்த மாதங்களைத் திருப்பிக் கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஒடெல்லா பலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எஃப்ரைனுக்காகவும் கோடையில் அவளே எழுதி அனுப்பினாள். செப்டம்பர் கடைசியில் பதில் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எஃப்ரைன் அதை எடுத்துக்கொண்டு வந்த அன்று முகாமில் பயிற்சி. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

“பெரிய பீரங்கி” என்றார் லெமுவேல், தலையைத் தூக்காமல்.

“இல்ல சார்ஜன்ட், சின்னது. உங்க காது போயிடுச்சு.”

“என் காதை அரசாங்கத்துக்குக் குடுத்துட்டேன்டா. அதுக்குத்தான் பென்ஷன். உனக்கு என்ன சொல்றானுங்க?”

“எனக்கு ஒண்ணும் கிடையாதாம்.”

“அங்க வாஷிங்டன்ல உக்காந்திருக்கறவனுக்கு நம்ம சத்தம் எங்க கேக்கும். சிஸ்டர் ஒடெல்லா, அவனுங்களை ஒரு கை பாருங்க. நீங்க பல்லைக் கடிச்சா அவங்களே வந்து குடுப்பாங்க.”

ஒடெல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். காரணம் ஒரே வரியில் இருந்தது. மூடிய கல்லூரியிலிருந்து புதிய கல்லூரிக்குக் கொண்டுபோன பாடங்கள் வரம்புக்கு மேற்பட்டவை.

மூன்று பாடம் வரை கொண்டுபோனால் பரவாயில்லை. நாலாவது போனால் மாதங்கள் திரும்பி வராது. இந்த வரம்பு அவளுக்குத் தெரியாததல்ல. வேறு ஆட்களுக்கு அவளே விரலை மடக்கி விளக்கியிருக்கிறாள். பெட்டிக்ரூவின் அறையில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. மூன்று என்பது அந்த மனிதருடைய கருமித்தனம் என்று நினைத்து அதை உடைப்பதிலேயே குறியாக இருந்துவிட்டாள். சட்டம் அதே இடத்தில் கோடு போட்டிருந்தது மறந்துபோனது.

“என்ன மிஸ் ஒடெல்லா, முடியுமா?” என்றான் எஃப்ரைன்.

“பாக்கறேன்பா” என்றாள் அவள். கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் நிறைய வேலை செய்தாள். மற்றவர்கள் விஷயங்களையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காலையில் ஜெபத்தில் உட்காருவாள். எஃப்ரைனுடைய பெயர் வரும்போது ‘அவன் குடும்பத்தைக் காப்பாற்றும் கர்த்தாவே’ என்று வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று சொன்னால் தன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்டோபர் முதல் ஞாயிறு ஒடெல்லாவின் மெதடிஸ்ட் ஆலயத்தில் அறுவடை விருந்து. பொரித்த மீனும் சோள ரொட்டியும் அவரைக்காய் வேகவைத்ததும் நீள மேசைகளில் இருந்தன. எஃப்ரைனும் அவன் மனைவி நோயமியும் மகளும் கத்தோலிக்கர்கள்தான். ஆனாலும் மீனுக்காக வருடம் தவறாமல் வருவார்கள். சாப்பாடு முடிகிற நேரம் போதகர் எழுந்து, “சிஸ்டர் ஒடெல்லா, அந்த நாலாவது பாடத்துக் கதையைச் சொல்லுங்க. புதுசா வந்தவங்க கேக்கல” என்றார்.

இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் எழுந்து சொன்னாள். எப்போதும் நிறுத்தும் இடங்களில் நிறுத்தி, எப்போதும் சிரிக்கும் இடத்தில் சிரித்துச் சொன்னாள். யாரோ எஃப்ரைனை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவன் காது சிவக்க எழுந்து நின்றான். அறை முழுக்கக் கைதட்டியது. மரிசேலா பெருமையோடு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் எழுந்து நின்றாள்.

உட்கார்ந்ததும் ஒடெல்லா தட்டில் மிச்சமிருந்த மீனைப் பார்த்தாள். அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். பக்கத்திலிருந்த பெண் “என்ன சிஸ்டர், காரம் போதலையா?” என்று மிளகாய் சாஸைத் தள்ளினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. செம்மண் புழுதியைக் காற்று சாலையோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே ஒடெல்லா பார்த்தபோது பக்கத்து அடகுக் கடை முன்னால் எஃப்ரைனின் சாம்பல் நிற டிரக் நின்றது. அவன் கதவைத் திறந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அவள் கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள்.

“எஃப்ரைன், உள்ள போகாதே.”

“சும்மா விலை கேக்கத்தான், மிஸ் ஒடெல்லா.”

“விலை கேக்கறதுக்கு வண்டிப் பத்திரம் எதுக்கு?”

அவன் கையிலிருந்த உறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “உங்க கண்ணுல படாம போகணும்னு நினைச்சவன் உங்க பக்கத்துக் கதவுக்கே வந்தேன் பாருங்க. பீரங்கிக்காரனுக்கு மூளை அவ்வளவுதான். மத்த கடைக்காரனெல்லாம் சிரிச்சுப் பேசுறான். இவன் ஒருத்தன்தான் சிடுசிடுங்கறான். சிரிக்கறவனை நம்ப முடியல, அதான் இவன்கிட்ட வந்தேன்.”

“வண்டி போனா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவே?”

“பணம் கட்டிட்டா வண்டி ஏன் போகுது?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு உள்ள போறாங்க. எஃப்ரைன், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மாசமெல்லாம் ஏன் திரும்ப வரலைன்னா…”

“நாலாவது பாடம்” என்றான் அவன்.

காற்று அவள் தலைமுடியைக் கலைத்தது. அவள் கை அதை ஒதுக்கப் போகவில்லை.

“போன் பண்ணிக் கேட்டேன்” என்றான் எஃப்ரைன். “ஒரு அம்மா பொறுமையா சொன்னாங்க. மூணோட நிறுத்தியிருந்தா கிடைச்சிருக்குமாம்.”

“எப்போ கேட்டே?”

“விருந்துக்கு அடுத்த வாரம்.”

“என்கிட்ட ஏன்பா சொல்லல?”

அவன் உறையின் மூலையை மடித்தான், நிமிர்த்தினான். “எப்படிச் சொல்றது? அந்தக் கதையைச் சொல்லும்போது உங்க முகம் எப்படி இருக்கும்னு நான் பாத்திருக்கேன். நோயமியும் சொன்னா, நமக்காக ஒருத்தர் கெஞ்சி வாங்கினதை எடுத்துட்டுப் போய் அவங்க முன்னாடியே குத்தமா வெக்காதேன்னு. வண்டியை வெச்சு ஆறு மாசம் ஓட்டிட்டா உங்களுக்குத் தெரியாமலே போயிடும்னு பாத்தோம்.”

ஒடெல்லா டிரக்கின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். இப்போதுகூட ஒரு வழி திறந்திருந்தது. ‘ஐயோ, அப்படியா’ என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான். நம்புவதோடு அவளைத் தேற்றவும் செய்வான்.

“எனக்கு மொதல்லேருந்தே தெரியும்” என்றாள். “நீ அந்தப் பதிலைக் கொண்டாந்து குடுத்த அன்னைக்கே தெரியும்.”

எஃப்ரைன் நிமிர்ந்து பார்த்தான்.

“விருந்தப்போ?”

“தெரியும்.”

“என்னை எழுந்து நிக்க வெச்சாங்களே, அப்போ?”

“அப்பவும் தெரியும்.”

அடகுக் கடைக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒடெல்லாவைக் கண்டதும் சாத்திக்கொண்டான். எஃப்ரைன் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அதைச் செஞ்சிருக்க வேண்டாம், மிஸ்” என்றான் மெதுவாக. “பாடம் கேட்டு வாங்கினது பரவாயில்ல. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். எழுந்து நிக்க வெச்சதுதான். என் பொண்ணும் கூட நின்னா.”

அவள் தலையாட்டினாள். மன்னித்துவிடு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவன் உடனே மன்னித்துவிடுவான், அவன் அப்படிப்பட்டவன். அதையும் அவனிடம் கேட்டு வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தான். அவளும் அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போப்பா. கிறிஸ்துமஸ் வரைக்கும் நேரம் இருக்கு. கேட்டு வாங்கினதை நானே கொண்டு போய்த் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்.”

“திருப்பிக் குடுக்க முடியுமா?”

“தெரியல. கேட்டுப் பாக்கறேன். குடுக்க முடிஞ்சா நீ அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கணும்.”

அவன் உறையை வண்டிக்குள் போட்டான். “தெரிஞ்ச பாடம்தானே” என்றான். ஆனால் போகும்போது வழக்கமாகச் சொல்லும் ‘கடவுள் துணை, மிஸ்’ என்பதைச் சொல்லாமலே போனான்.

டாக்டர் பெட்டிக்ரூ அவளை அதே நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவை மேசையில் உருட்டினார்.

“கிரேயரம்மா, இங்க வர்றவங்க எல்லாரும் சேத்துக்கோ, சேத்துக்கோன்னுதான் வருவாங்க. பாஸ் பண்ணின பாடத்தை எடுத்துடுங்கன்னு கேட்டு யாரும் வந்ததில்ல. இந்த நாற்காலிக்கே சிரிப்பு வருது.”

“சிரிக்கட்டும் டாக்டர். எனக்கு வேணும்தான்.”

“அன்னைக்கு நான் முடியாதுன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“சட்டமெல்லாம் தெரிஞ்சு சொல்லல. எனக்கு அந்தக் கல்லூரி மேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்.” அவர் கொஞ்சம் தணிந்தார். “நான் சம்மதிச்சதுல என் தப்பும் இருக்கு. சரி, எடுத்துடறேன். மூணு பாடம்தான் ஏத்துக்கிட்டோம்னு கல்லூரி எழுதிக் குடுக்கும். ஆனா அந்தப் பாடம் இல்லாம அவருக்குப் பட்டம் குடுக்க முடியாது. திரும்ப உக்காரணும். பீஸ் வேண்டாம், நான் பாத்துக்கறேன். ஆனா உக்காராம பாஸ் போடமாட்டேன். ஜனவரியில தொடங்கற வசந்தப் பருவத்துல, சனிக்கிழமை வகுப்புலதான் இடம் இருக்கு. காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும்.”

சனிக்கிழமை தவிர வேறு நாள் கிடைக்காதா என்று கேட்க அவள் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஒடெல்லா மறுபடி எழுதி அனுப்பினாள். அரசிடமிருந்து பதில் வரத் தாமதமானது. கிறிஸ்துமஸ் போனது. ஜனவரி வாடகைக்கு நோயமி முதியோர் இல்லத்தில் கூடுதல் வேலை பார்த்தாள். டிரக் அடகுக்குப் போகாமல் அவனிடமே இருந்தது. ஜனவரி கடைசியில் மாதங்கள் திரும்பி வந்தன. லெமுவேல் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எஃப்ரைன் ஒடெல்லாவின் கையைக் குலுக்கி, “நன்றி மிஸ் ஒடெல்லா” என்றான். அது உண்மையான நன்றிதான். ஆனால் அவன் முன்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவில்லை, மகளைப் பற்றிப் பேசவில்லை. நின்றபடியே போய்விட்டான்.

ஆலயத்தில் அந்தக் கதையை அவள் பிறகு சொல்லவில்லை. ஒரு ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, அந்தக் கதை பாதிதான் உண்மை, மீதியில் தான் ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம் வைத்துவிட்டதாகச் சொன்னாள். சிலர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே உறுத்தலாகவும் இருந்தது. கஷ்டப்பட்டவன் அங்கே இல்லை, ஆறுதல் மட்டும் அவளுக்குக் கிடைத்தது.

அவனுடைய கஷ்டம் சனிக்கிழமைகளில் இருந்தது. ஆலயத்தையும் விருந்துக் கூடத்தையும் துப்புரவு செய்யும் வேலையை எஃப்ரைன் ஒரு வருடமாகச் செய்துவந்தான். சனிக்கிழமை காலையில் வந்து மத்தியானத்துக்குள் முடித்துவிடுவான். பிறகு மாலை முழுக்கக் குடும்பத்தோடு இருப்பான். வாரத்தில் அவர்கள் மூவரும் ஒன்றாக இருக்கும் நேரம் அது ஒன்றுதான். இப்போது காலையில் எலும்புப் பாடம். வகுப்பு முடிந்து ஆலயத்துக்கு வந்து வேலையைத் தொடங்கினால் முடிக்க இருட்டிவிடும். மரிசேலா கூடத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே காத்திருந்து, அங்கேயே தூங்கிப்போவதாகப் போதகரின் மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

மாதங்களை அரசு திருப்பிக் கொடுத்துவிட்டது. சனிக்கிழமைகளை யார் திருப்பிக் கொடுப்பது என்று ஒடெல்லா யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் எஃப்ரைன் ஒரு கையெழுத்துக்காக அலுவலகத்துக்கு வந்தான்.

“சார்ஜன்ட், உங்க ஆளுங்க மெதடிஸ்ட்காரங்க திடீர்னு சுத்தமாயிட்டாங்க” என்றான்.

“என்னடா சொல்றே?”

“கொஞ்ச நாளா பாக்கறேன். கூடத்துல தரை பளபளன்னு கிடக்கு. அடுப்புல எண்ணெய்ப் பிசுக்கு இல்ல. கழிவறை கூடப் பரவாயில்ல. ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சுடுது. போன சனிக்கிழமை சாயங்காலம் மரிசேலாவைக் கூட்டிட்டு ஏரிக்குப் போயிட்டு வந்தோம்.”

“நாங்க எப்பவும் சுத்தம்தான். நீங்க கத்தோலிக்கருங்க வந்து மீன் தின்னுட்டுப் போன வாரம்தான் அசிங்கமாயிடுது.”

எஃப்ரைன் சிரித்தான். “வேலை இல்லாத வேலைக்குக் கூலி வாங்கறேனேன்னு இருக்கு. போதகர்கிட்ட சொல்லிக் குறைச்சுக்கலாமான்னு பாக்கறேன்.”

ஒடெல்லா எதிரே இருந்த தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “குளிர்ல யாரும் செருப்பு மண்ணோட வர்றதில்ல, அதான்” என்றாள். “மழை வரட்டும். அப்ப பாரு. கூலியைக் குறைக்கிறேன்னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம் கேட்டா திரும்பக் கூட்டமாட்டாங்க.”

“அதுவும் சரிதான்” என்றான் அவன். கையெழுத்தான தாளை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவன் நின்று, “கடவுள் துணை, மிஸ்” என்றான்.

அந்தச் சனிக்கிழமை காலையில், எஃப்ரைன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், ஒடெல்லா ஆலயத்தின் பின்கதவைத் திறந்து உள்ளே போனாள். வண்டியை இரண்டு தெரு தள்ளி, மளிகைக் கடை ஓரத்தில் நிறுத்தியிருந்தாள். வாளியில் சுடுதண்ணீர் பிடித்துச் சோப்பைக் கலக்கினாள். விருந்துக் கூடத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் கவிழ்த்துவிட்டுத் தரையைத் துடைத்தாள். அடுப்பைத் தேய்க்க முழங்காலில் உட்கார வேண்டியிருந்தது. எழுந்திருக்கும்போது மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். தூரத்தில் பீரங்கி முழங்கியது. சமையலறைக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அவள் ஜெபம் ஒன்றும் சொல்லவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மிகவும் சுத்தமாக இருந்தது. அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். நாற்காலிகளை இறக்கி, வரிசை கலைத்துப் போட்டாள். குப்பைக் கூடையிலிருந்து போன வாரத்து ஆராதனைத் தாள்கள் சிலவற்றை எடுத்து, கசங்கினதை நீவாமல், ஆலயப் பெஞ்சுகளுக்கு அடியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டாள். வாசலுக்குப் போய் ஒரு பிடி செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கதவருகே தூவினாள். தன் செருப்புத் தடம் அதில் விழுந்திருப்பதைக் கண்டு, குனிந்து அதைக் கையால் கலைத்துவிட்டு, பின்கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.